இந்த வாரம் இலை யாருக்கு?

காலை ஆறே முக்கால். காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில், ஒரு மாடிப்படியின் உச்சியில் பாதி தூக்கிய ஷட்டர். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு அதற்குக் கீழே முதலில் தெரிந்தவை பாலிஷ் போட்ட இரண்டு கறுப்பு ஷூக்கள். ஷூவுக்கு மேலே வெள்ளை வேட்டி. வேட்டிக்கு ஷூ போடுகிறவர்களை அதற்கு முன் நான் கட்சி மாநாட்டு மேடைகளில்தான் பார்த்திருந்தேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், கோடை. நான் ஒரு நாளிதழின் கோவைப் பதிப்பில் உதவி ஆசிரியர். இன்டர்நெட் என்றால் என்ன என்று வாசகர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். சொன்னவருக்கும் அது என்னவென்று தெரியாது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஒன்று புதிதாக பிரௌசிங் சென்டர் போர்டும் மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனேன். உறை போட்ட டைப்ரைட்டர்கள் வரிசையாக இருக்க, அவற்றுக்குப் பின்னால் மூன்று கம்ப்யூட்டர்கள். நடத்தியவர் ஐம்பது வயது அம்மா. காலையில்தான் லைன் கிடைக்கும் என்பதால் ஏழு மணிக்கு முன்பே திறந்துவிடுவார். மேல்மாடியில் அவருடைய மாமியார் போனை எடுத்தால் கீழே அமெரிக்கா அறுந்துபோகும்.

ஷூக்காரர் ஷட்டரைக் குனிந்து கடந்து, மூன்றாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"ஏனுங்ணா, வூட்டுல உங்களுக்கு வேலையே இல்லீங்களா?" என்றார் அந்த அம்மா.

"அம்மணி, அமெரிக்காவுல பதினேழு பேர் என் பதிலுக்காகக் காத்துட்டு இருக்காங்க. மோடத்தைப் போடுங்க."

அவர் சொன்னது உண்மைதான். ஒரு மடற்குழு இருந்தது. ஒருவர் மடல் எழுதினால் எல்லா உறுப்பினர்களுக்கும் போகும். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த கொங்கு நாட்டுக்காரர்கள். ஊரைவிட்டுப் போய் நான்கு வருஷம் ஆனவர்கள் நாற்பது வருஷம் ஆனதுபோல் எழுதுவார்கள். சிறுவாணித் தண்ணீர் இன்னும் அதே ருசிதானா என்று மாதம் ஒருவராவது கேட்பார். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். நான் இங்கே படிப்பவர்களின் வசதிக்காகத் தமிழிலேயே தருகிறேன். திட்டினாலும் ஒரு 'ங்க' சேர்ப்பார்கள். "நீங்க ஒரு முட்டாளுங்க" என்று ஒரு மடல் இருந்தது. மரியாதைக் குறைவு என்று யாரும் புகார் செய்யவில்லை.

கேள்வி கேட்பவர்கள் அங்கே. பதில் சொல்பவர் இங்கே, மூன்றாவது கம்ப்யூட்டரில். குழுவில் அவர் ஊரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டிருந்தார். தொழில், படங்களுக்கு ஃப்ரேம் போடுவது. டவுன் ஹாலுக்குப் பின்னால், தெருக்கள் குறுகும் இடத்தில் கடை. சாமி படம், தலைவர் படம், கல்யாண போட்டோ, இறந்தவர் போட்டோ எல்லாம் அவர் கையால் கண்ணாடிக்குள் போயிருக்கின்றன. அடக்கமான மனிதர் என்று சொல்ல முடியாது. "கோயமுத்தூர்ல என் ஆணி அடிக்காத செவுரு இல்லீங்க பேப்பர்காரரே" என்று அறிமுகமான அன்றே என்னிடம் சொன்னார்.

கட்டுரைக்காகக் குழுவின் பழைய மடல்களை எல்லாம் படித்தேன். பொழுதுபோக்கு, கலை, அரசியல் என மூன்று தலைப்புகளில் அவருடைய பதில்கள் கொட்டிக் கிடந்தன. டெக்சாஸில் ஒருவரின் கறிவேப்பிலைச் செடி வாடுகிறது. 'புளித்த மோர் ஊத்துங்க.' ஊற்றினார், செடி செத்தது. 'அது அமெரிக்க மோருங்க' என்று பதில் போயிருந்தது. தஞ்சாவூர்ப் படத்துக்கும் மைசூர்ப் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று இன்னொருவர் கேட்டார். 'தஞ்சாவூருக்கு ரெண்டரை இஞ்ச் ஃப்ரேம் போடோணும், மைசூருக்கு ஒன்றரை போதுமுங்க.' கேட்டவர் அதை ஒரு பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டு நான்கு பத்தி நன்றி எழுதியிருந்தார். நவீன ஓவியம் பற்றி, 'கொக்கி எந்தப் பக்கம் மாட்டியிருக்கோ அதுதானுங்க மேல்பக்கம்' என்றார்.

அரசியலில் அவருடைய முறை எளிமையானது. எந்தத் தலைவர் படத்துக்கு அதிகமாக ஃப்ரேம் போடுகிறாரோ அந்தக் கட்சி ஜெயிக்கும். அதற்கு முந்தைய தேர்தலுக்குத் தொகுதி தொகுதியாக ஆரூடம் எழுதியிருந்தார். எல்லாம் தப்பு. 'படம் மாட்டினவங்கல்லாம் ஓட்டுப் போடப் போகலீங்க' என்று விளக்கம் சொன்னார். அதையும் பாராட்டினார்கள். எங்கள் பத்திரிகையின் கணிப்பும் தப்பாகத்தான் போயிருந்தது. எங்களை யாரும் பாராட்டவில்லை.

இவ்வளவு பதில் எழுத அவருக்கு நேரம் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கடைக்கு ஆள் வரவில்லை. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஊரில் நடந்த கலவரமும் குண்டுவெடிப்பும் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு அவருடைய தெருவுக்கு வெளியாட்கள் வருவது நின்றுபோயிற்று. பீளமேட்டிலிருந்தும் சாய்பாபா காலனியிலிருந்தும் படம் கொண்டுவந்தவர்கள், டவுன் ஹால் வரை வந்து திரும்பிப்போனார்கள். போலீஸ் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கண்ணாடி போட்ட சாமி படத்தைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனம் இல்லை. காந்திபுரத்தில் ஒரு கடை பிடித்தால் பிழைத்துக்கொள்வார். ஆனால் அந்த வருஷம் அவருடைய பெயரைக் கேட்டதும் காந்திபுரத்துக் கட்டட உரிமையாளர்கள் அனைவருக்கும் கடை தேவைப்படுகிற மருமகன்கள் முளைத்தார்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் கடை கிடைக்காவிட்டால் அவர் தொழிலை விட்டுவிட வேண்டியதுதான். அதையும் அவரே சொன்னார், கறிவேப்பிலைக்கு மோர் சொன்ன அதே குரலில்.

குழுவை நடத்தியவர் நியூஜெர்சியில் இருந்த ஒரு என்ஜினியர். சொந்த ஊர் கிணத்துக்கடவு, அப்பா தென்னந்தோப்புக்காரர். குடும்பத்துக்குக் காந்திபுரத்தில் ஒரு கட்டடம் இருந்தது. கீழே இரண்டு கடை, அதில் ஒன்று காலி. ஃப்ரேம்காரர் ஒருமுறை பேச்சுவாக்கில் கடை தேடுவதாக எழுதியதும் என்ஜினியரிடமிருந்து மடல் பறந்து வந்தது. 'நம்ம கடை இருக்கறப்ப நீங்க எதுக்குங்க அலையோணும்? அப்பாகிட்ட சொல்லிப்போட்டேன். எப்ப வேணுமோ போயி சாவி வாங்கிக்கோங்க.'

அந்த மடலை அவர் அச்செடுத்துக்கொண்டார். நான் கேட்டேன்: "அவருக்கு நீங்க யாருன்னு தெரியுங்களா?"

"கோயமுத்தூர்க்காரன்னு தெரியுமுங்க. பழனி முருகனுக்கு எத்தனை இஞ்ச் ஃப்ரேம்னு சொன்னவன்னு தெரியும். வேற எதையும் அவரு கேக்கலை, நானும் சொல்லலை."

"சாவி வாங்கறப்ப கேப்பாங்களே."

"அதுக்கு முன்னால இலை வருதுங்க" என்றார்.

இலை என்பது அந்தக் குழுவின் சடங்கு. வாரம் ஒரு உறுப்பினருக்கு 'இலை' போடுவார்கள். மற்றவர்கள் அவருக்குக் கேள்விகளைப் பரிமாறுவார்கள். இலையில் விழுந்த எதையும் மிச்சம் வைக்கக்கூடாது. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். உப்பு, ஊறுகாய் என்று சின்னக் கேள்விகளில் ஆரம்பித்து சாம்பார், ரசம் என்று போகும். கடைசிக் கேள்விக்குப் பாயசம் என்று பெயர். அதைக் கேட்கிற உரிமை என்ஜினியருக்கு மட்டும். வெள்ளிக்கிழமை ஆனால் 'அடுத்த வாரம் இலை யாருக்குங்க?' என்று எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். படித்துப் பெரிய வேலையில் இருந்த மனிதர்கள்.

குழுவின் முதல் விதி, சாதி மதம் பேசக்கூடாது என்பது. ஒவ்வொரு மடலின் அடியிலும் அது தானாகவே அச்சாகி வரும். விதியை யாரும் மீறவில்லை. என்ஜினியர் பாயசத்துக்கு எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: 'உங்க குலதெய்வக் கோயில் எங்கீங்க? அங்கத்த சிற்பங்களைப் பத்திச் சொல்லுங்க.' இது கலை என்ற தலைப்பில் வரும். பதிலில் ஊர் தெரியும். எங்கள் பக்கத்தில் ஊரும் கோயிலும் தெரிந்துவிட்டால் பிறகு கேட்பதற்கு அதிகம் இல்லை. பழைய மடல்களைப் படித்தபோது நான் கவனித்தது: பாயசத்துக்குப் பின் சிலரிடம் 'நாங்களும் அந்தப் பக்கந்தானுங்க' என்று உறவு கொண்டாடினார்கள். சிலர் அதற்குப் பிறகு அதிகம் எழுதவில்லை. சிற்பத்தைப் பற்றி யாரும் மறுபடி பேசவே இல்லை.

ஜூலையில் இலை ஃப்ரேம்காரருக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கடை கொடுப்பதாகச் சொன்னவர் போடுகிற இலையை எப்படித் தள்ளுவது என்பது ஒரு காரணம். அவருக்கு ஆசை இருந்தது என்பது இன்னொரு காரணம். தன் இலைக்காக அவர் சட்டை புதிதாகத் தைத்துக்கொண்டார். மறுமுனையில் யாரும் சட்டையைப் பார்க்க முடியாது என்று அந்த அம்மா சொல்லியும் கேட்கவில்லை.

அந்த வாரம் கேள்விகள் பந்தியில் சோறுபோல் விழுந்தன. தபால்தலை சேர்ப்பது நல்லதா, நாணயம் சேர்ப்பது நல்லதா? வாட்டர் கலர் ஏன் வெளுக்கிறது? கோவைக்குத் தனி மாநிலத் தலைநகராகும் தகுதி உண்டா? எல்லாவற்றுக்கும் இரண்டு விரல்களால் அடித்துப் பதில் சொன்னார். தபால்தலையை ஃப்ரேம் போடலாம், நாணயத்தைப் போட முடியாது, ஆகவே தபால்தலை. வெயில் படுகிற சுவரில் மாட்டினால் வாட்டர் கலரும் வெளுக்கும், மாமனார் போட்டோவும் வெளுக்கும். தலைநகர் விஷயத்தில், 'தலைநகரானா தண்ணிக்கு வரி போடுவாங்க, இப்படியே இருக்கட்டுமுங்க' என்றார். ஒரு மணி நேரத்தில் அதை எட்டுப் பேர் திருப்பி அனுப்பி ரசித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பாயசம் வந்தது. வழக்கமான வாசகம்தான். கூடவே ஒரு வரி: 'உங்க பதிலைத்தான் நாங்கெல்லாம் எதிர்பார்த்துட்டு இருக்கறமுங்க.'

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அம்மா எங்கள் பின்னால் வந்து நின்று படித்தார்.

"ஏதாச்சும் ஒரு ஊர் பேரைப் போட்டு உடுங்கண்ணா. சத்தியமங்கலத்துக்கு மேல காட்டுக்குள்ளன்னு சொல்லுங்க. எவன் போயிப் பாக்கப்போறான்?"

"என்ன சாமின்னு போடறது?"

"நீங்க ஃப்ரேம் போடாத சாமியாங்க? அதுல ஒண்ணு."

"சாமி பேரைச் சொல்லிக் கடை வாங்கினா வருசா வருசம் கெடா வெட்டுக்குப் பத்திரிக்கை வருமுங்க அம்மணி. போகலைன்னா கோவிச்சுக்குவாங்க. போனா மொட்டை அடிச்சு உட்ருவாங்க."

அந்த அம்மா சிரித்தார். அவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பொய் சொல்றது எனக்கொண்ணும் கஷ்டமில்லீங்க பேப்பர்காரரே. இந்தக் குழுவுல நான் சொன்னதுல பாதி பொய்தான். ஆனா கடையைத் தொறந்தா போர்டு மாட்டோணுமே. போர்டுல எங்கப்பா பேரு இருக்கு. இத்தாப் பெரிய எழுத்துல."

"போர்டை மாத்தலாமே" என்றார் அந்த அம்மா.

"அந்தப் போர்டுக்கும் ஃப்ரேம் போட்டது எங்கப்பாதானுங்க. தேக்கு" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் அடித்த பதில் சின்னது. 'எங்களுக்குக் குலதெய்வம் கிடையாதுங்க. வெள்ளிக்கிழமை எங்க தெருப் பள்ளிவாசலுக்குப் போவேன். சிற்பம் இல்லை. ஆனா கதவுல மரவேலை இருக்கு, ரொம்ப நல்லா இருக்கும். ஊருக்கு வந்தா சொல்லுங்க, கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்.' அனுப்பும் பொத்தானை அமுக்கிய நேரத்தில் மேல்மாடியில் மாமியார் போனை எடுத்தார். மறுபடி லைன் போட்டு, மறுபடி அடித்து, மறுபடி அனுப்பினார். மனம் மாற்றிக்கொள்ள அவருக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைத்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

பாராட்டுகள் திங்கட்கிழமைக்குள் குவிந்துவிட்டன. என்ன நேர்மை, என்ன எளிமை, இதுதானுங்க நம்ம ஊரு. பள்ளிக்கூடத்தில் தன் பக்கத்தில் உட்கார்ந்த முஸ்லிம் நண்பனை அநேகமாக எல்லோரும் நினைவுகூர்ந்தார்கள். அந்த நண்பன் வீட்டுப் பிரியாணியையும் நினைவுகூர்ந்தார்கள். நண்பனின் பெயர் பாதிப் பேருக்கு மறந்திருந்தது. பிரியாணி யாருக்கும் மறக்கவில்லை. ஒருவர் கவிதை எழுதினார். எல்லாவற்றையும்விட நீளமான மடல் என்ஜினியருடையது. நான் அதை இரண்டு முறை படித்தேன். சேதியை முதல் பத்தியில் தேடிக் கிடைக்காவிட்டால் கடைசிப் பத்தியில் தேடுவது எங்கள் தொழிற்பழக்கம். கடை என்ற சொல் எந்தப் பத்தியிலும் இல்லை.

"மறந்திருப்பாருங்க" என்றார் ஃப்ரேம்காரர். "நேர்ல போயே கேட்டுப்போடலாம். நீங்களும் வாங்க. பேப்பர்காரர் கூட இருந்தா நல்லதுதானே."

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறிக் கிணத்துக்கடவில் இறங்கினோம். புதுச் சட்டை, அதே ஷூ, கையில் அந்த அச்செடுத்த மடல். தோட்டத்து வீட்டுக் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. என்ஜினியரின் அப்பா எழுந்து வந்து, கை கூப்பி, வெயிலில் இருந்து எங்களை உள்ளே கூட்டிப்போனார். எழுபது வயதிருக்கும். நாற்காலியைத் தன் துண்டால் தட்டிக் கொடுத்தார்.

"வாங்க, வாங்க. பையன் போன்ல சொன்னானுங்க. நீங்க ரொம்ப நல்லா எழுதுவீங்களாமா. எளநி சாப்புடுங்க மொதல்ல."

இளநீர் வந்தது. குடித்தோம். சுவரில் ஒரு மீசைக்காரரின் பழைய போட்டோ மாட்டியிருந்தது. ஃப்ரேம்காரர் எழுந்து போய், அதன் மூலையை விரலால் தடவினார்.

"இது நாங்க போட்ட ஃப்ரேமுங்க. எங்கப்பா கை."

"அப்படீங்களா! இது எங்க அய்யனுங்க. இருபது வருசமாச்சு, ஒரு செல்லு அரிக்கலை பாருங்க. நல்ல வேலைக்காரருங்க உங்கப்பா." அந்தப் பாராட்டு உண்மையானது. அவர் எங்களிடம் பேசிய எதுவும் வேஷம் என்று என்னால் சொல்ல முடியாது.

"அந்தக் கடை விசயமா வந்தமுங்க" என்றார் ஃப்ரேம்காரர். "தம்பி சாவி வாங்கிக்கச் சொல்லியிருந்தாரு."

"கடை எங்கீங்க போகுது? அங்கயேதான் இருக்கும்." பெரியவர் இன்னொரு இளநீர் வெட்டச் சொல்லிக் கை காட்டினார். "ஆடி பொறந்துபோச்சுங்களே. ஆடியில புதுசா ஒண்ணு தொடங்கறதில்லைங்க எங்கள்ல. உங்களுக்கு அதெல்லாம் இல்லை, தெரியுமுங்க. ஆனா கட்டடம் எங்களுதுங்களே."

"ஆடி முடிஞ்ச ஒடனே வாரேனுங்க."

"வாங்க. கட்டாயம் வாங்க. ஆடி போகட்டும்."

எழுந்தோம். சாக்கில் பத்துத் தேங்காய் கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. ரோடு வரை தானே நடந்து வந்து, பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, நடத்துநரிடம் "நம்மாளுங்க, பாத்து எறக்கி உடு" என்றும் சொன்னார். இவ்வளவு உபசாரத்தோடு கடை கிடைக்காமல் திரும்பியவர் கொங்கு நாட்டிலேயே இல்லை என்று நான் பஸ்ஸில் சொன்னேன்.

"கிடைக்கலைன்னு யாரு சொன்னா?" என்றார் அவர். "ஆடிதானுங்களே. ஒரு மாசம். ஆவணி முகூர்த்தத்துக்குள்ள போர்டு மாட்டிரலாம்." தேங்காய்ச் சாக்கை இரண்டு கால்களுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆவணியில் போனார். சாவி பொள்ளாச்சியில் மருமகன் வீட்டில் இருந்தது. பத்து நாள் கழித்துப் போனார். கடைக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு புரட்டாசி. போன ஒவ்வொரு முறையும் இளநீர் உண்டு, தேங்காய் உண்டு. என்ஜினியருக்கு ஒரு மடல் போட்டார். 'அப்பாவுக்கு முழங்கால் வலிங்க, கொஞ்சம் பொறுங்க' என்று பதில் வந்தது. அந்த மடலின் அடியிலும் குழுவின் முதல் விதி அச்சாகியிருந்தது.

ஐப்பசியில் அவர் கடையின் முன்பாதியை ஒரு சைக்கிள் ரிப்பேர்க்காரருக்கு விட்டார். பின்பாதியில் கண்ணாடி வெட்டினார். பிரௌசிங் சென்டருக்குத் தினமும் வந்தவர், மாதம் ஒரு நாள் என்று குறைத்துக்கொண்டார். வருகிற அன்று ஷூ இருக்காது. அந்த அம்மா அவரிடம் காசு வாங்கவில்லை. வீட்டில் வேலை இல்லையா என்றும் கேட்கவில்லை. குழுவில் அவரைப் பார்க்காமல் தவித்துப்போனார்கள். 'நம்ம ஊர்க்காரரை எங்கீங்க காணோம்?' என்று இரண்டு மூன்று மடல்கள் வந்தன. மார்கழியில் என்ஜினியரே ஒரு கேள்வி அனுப்பினார். புது வீடு வாங்கியிருக்கிறார். அமெரிக்காவில் சுவர்கள் செங்கல் இல்லை, அட்டை மாதிரி இருக்கிறது. கனமான படத்தை எப்படி மாட்டுவது?

ஃப்ரேம்காரர் அன்று வந்திருந்தார். கேள்வியைப் படித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"உட்டுத் தள்ளுங்கண்ணா" என்றார் அந்த அம்மா.

"இல்லீங்க அம்மணி. தப்பா மாட்டினா படம் உழுந்துரும்" என்று சொல்லி, இரண்டு விரல்களால் அடிக்க ஆரம்பித்தார். சுவருக்குப் பின்னால் மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழியை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதினார். அவர் எழுதியதில் நான் சரிபார்த்து, முழுக்கச் சரி என்று கண்ட ஒரே பதில் அது.

என் கட்டுரை அதற்கு வெகு முன்பே ஞாயிறு இணைப்பில் வந்துவிட்டது. உலகம் ஒரு கிராமமாகிவிட்டது என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். தலைப்பு என்னுடையது அல்ல.

காந்திபுரம் கடையை அடுத்த வருஷம் ஒரு ஐஸ்கிரீம் பார்லருக்கு விட்டார்கள். திறப்பு விழாவுக்கு எங்கள் அலுவலகத்துக்கும் அழைப்பு வந்தது, நான் போயிருந்தேன். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். கிணத்துக்கடவுப் பெரியவர் குத்துவிளக்கு ஏற்றினார். அது ஆடி மாதம், இரண்டாவது வெள்ளிக்கிழமை.